குடவோலையும் மேலவளவும்

தமிழ்மேடைகளில் உத்தரமேரூர் என்னும் ஊர்ப்பெயர் ஒலியாத ஆண்டில்லை. மேலைநாட்டார் தம் மன்னர்முன் மண்டியிட்டுக் கிடந்த நாளிலேயே தமிழன் குடத்துள் ஓலையிட்டு ஊராள்வாரைத் தேர்ந்தான் என்று நாம் முழங்குவதும், கேட்போர் கைதட்டுவதும், பின்னர்த் தேநீர் பருகிக் கலைவதும் வழக்கமாகிவிட்டன. யானும் அவ்வாறு முழங்கியவனே. ஏறத்தாழ முப்பதாண்டுகளாக வகுப்பறையிலும் மன்றங்களிலும் அக்கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பெருமிதங் கொண்டவன். அப்பெருமிதத்தை இன்று யானே நிறுத்தி உசாவ வேண்டியுள்ளது.

உசாவத் தூண்டியவை இரண்டு செய்திகள். 2025 சனவரி 5-ஆம் நாளோடு தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் 9,624 ஊராட்சிகளின் பொறுப்புக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்தப் பெறவில்லை. மக்கள் தேர்ந்தோர் எழுந்துபோன இருக்கைகளில் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் அமர்ந்தனர். மூன்று திங்கள் கழிந்து, அதே ஆண்டு ஏப்பிரல் 15-இல், மாநிலத் தன்னாட்சிக்கு வழிகாண ஓய்வுபெற்ற உச்ச அறமன்ற நடுவர் குரியன் சோசப்பு தலைமையில் குழு ஒன்று அமைக்கப் பெறும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். குழு வேண்டுவதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தில்லியை நோக்கி உரிமை கேட்டு நீண்ட அதே கை, ஊரின் உரிமையைத் தன் மடியில் முடிந்து வைத்திருந்ததே! நம்மவர் ஏடுகளைப் புரட்டினேன். குழுவை வரவேற்ற பக்கங்கள் பல கண்ணிற்பட்டன. 9,624 ஊர்களைப் பற்றி ஒரு வரியும் காணேன்.

முதற்கண் அக்கல்வெட்டையே பார்ப்போம். முதற்பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப் பெற்றவை அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்தனர். குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பொறுப்புகளைப் பங்கிட்டனர். இவ்வளவும் நாம் சொல்வோம். தகுதி எது என்னும் பகுதி வந்ததும் நம் குரல் தாழ்ந்துவிடும். இறை கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டி வாழ்தல் வேண்டும். அகவை முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். இவற்றுக்கும் மேலாக வேதமந்திரமும் பிராமணமும் ஓதியிருத்தல் வேண்டும்! வேதம் ஒன்று முற்ற ஓதியவனுக்கு நிலத்தில் சலுகையும் உண்டு. அரைக்கால் வேலி போதும். அவ்வூரின் பெயரே சதுர்வேதிமங்கலம். அது பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பெற்ற ஊர். அக்குடத்துள் உழவன் பெயரில்லை, தச்சன் பெயரில்லை, நெய்வோன் பெயரில்லை, பெண்ணின் பெயரில்லை, பறையடித்து ஊரைக் கூட்டியவன் பெயர் அறவே இல்லை. நம் பாண்டிநாட்டிலும் நெல்லைச் சீமை மானூரில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டொன்று இத்தகைய ஊரவை நெறிகளைக் கூறும். அதுவும் பார்ப்பனர் அவையே. வடமொழியையும் ஆரியத்தையும் மூச்சுக்கு மூச்சு கடியும் நாம், ஆரியர் தமக்குள் ஓலை குலுக்கிக் கொண்டதைத் தமிழர் குடியாட்சி என்று பறைசாற்றி வந்தோம். இதனினும் நகைப்புக்கு இடமானது வேறுண்டோ?

எனக்கு இதை உணர்த்தியது ஆராய்ச்சி நூலன்று. சில ஆண்டுகட்கு முன் எட்டாம் வகுப்பில் இப்பாடம் நடத்துங்கால், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கால்வேலின்னா எத்தனை ஏக்கர்?" என்று கேட்டான். வேலி ஒன்று ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர். கால்வேலி ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டுச் சொன்னேன். அவன் சற்றே விரல்விட்டு எண்ணினான். "எங்க தெருவுல யாருக்கும் அவ்வளவு இல்லைங்கய்யா" என்று சொல்லி அமர்ந்துவிட்டான். அதில் குறையேதும் கூறவில்லை, கணக்கைத்தான் சொன்னான். யான் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று தொடர்ந்தேனே என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துவது.

கழக இலக்கியத்திற்குள் குடவோலையைத் தேடுவாரும் உளர். அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் மருதனிளநாகனார், களத்தில் வீழ்ந்தோர் குடரை எருவைப்பறவை உருவி இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் பிணித்த குடத்தின் பொறியை நீக்கி உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்போரை உவமையாக்குகிறார். அவர்கள் ஆவணங்களைக் கையாள்வோர் என்பதே பாட்டிலிருந்து பெறப்படுவது. ஊராள்வாரைத் தேர்ந்தனர் என்று பாட்டு சொல்லவில்லை. குடமும் ஓலையும் சேர்ந்திருந்தமையால் பின்னையோர் தேர்தல் என்று கொண்டனர். புலவன் அதற்குக் கண்ட உவமை குடர் உருவும் பறவை என்பதையும் மேடைகளில் சொல்லி வைத்தல் நன்று. நம் ஊர்த்தேர்தல்கள் சிலவற்றிற்கு அது பொருந்தாமற் போகவில்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். நம் இயக்கம் தோற்ற களங்கள் பல. வென்ற களங்களுள் உள்ளாட்சி ஒன்று. பஞ்சாயத்து ஊராட்சியாயிற்று. முனிசிபாலிட்டி நகராட்சியாயிற்று. கார்ப்பரேசன் மாநகராட்சியாயிற்று. ஒன்றியம், பேரூராட்சி, ஆணையர் என்று நாவில் தமிழ் பழகியது. இன்று படியாத பாட்டியும் 'ஊராட்சி' என்கிறாள். கிராமசபை என்னும் வடசொற்றொடரை மட்டும் அரசு விடாது பிடித்துக் கொண்டிருக்கிறது. ஊரவை என்று சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்பது தெரியவில்லை. மேயர் என்பதும் அப்படியே நின்றுவிட்டது. இலத்தீனத்தில் பெரியவர் என்று பொருள்படும் சொல்லின் வழிவந்தது அது. மேல், மேலோர் என்று நம் வேரோடு அதனைப் பிணைத்துக் காட்டும் ஆசை எனக்கும் எழுவதுண்டு, அடக்கிக் கொள்கிறேன். மாநகரத் தந்தை என்று நம்மவர் ஆக்கிய சொல் நெடுநாள் வழங்கியது. 2006-இல் மதுரைக்குப் பெண்ணொருவர் மேயரானபோது அச்சொல் திகைத்து நின்றது! தந்தை என்று ஆக்கும்போது, அவ்விருக்கையில் ஒருநாள் பெண்மகள் அமர்வாள் என்பது ஆக்கியோர்க்குத் தோன்றவேயில்லை. மாநகரத் தலைவர் என்றிருந்தால் இவ்விடர் வந்திராது.

ஆனால் சொல் தமிழானதோடு நாம் மனநிறைவடைந்து விட்டோம். அச்சொல்லுக்குள் ஆட்சி இருக்கிறதா என்று திறந்து பார்க்கவில்லை.

மதுரையையே எடுத்துக் கொள்வோம். 1866-இல் நகராட்சியாகி, 1971 மே முதல் நாளில் மாநகராட்சியாக உயர்ந்தது நம் கூடல்மாநகர். சென்னைக்கு அடுத்து இரண்டாவது. முதல் மேயர் முத்து. ஐம்பதாண்டு கடந்தும், அறிஞர் அண்ணா மாளிகையில் அமரும் மேயரால் ஒரு பொறியாளரை இடமாற்ற இயலுமா? இயலாது. செயலாண்மை முழுதும் ஆணையரிடம். ஆணையரை அமர்த்துவதும் நீக்குவதும் சென்னைத் தலைமைச் செயலகம். குடிநீர் கொணர்வதில் வடிகால் வாரியத்தின் கை. பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கு. மன்றத்தில் நூறு உறுப்பினர் கூடி உரத்துப் பேசலாம். மறுநாள் செய்தித்தாளில் வரும். அவ்வளவே.

மேயரைத் தேரும் முறையைப் பாருங்கள். 1996-இல் மக்களே நேராகத் தேர்ந்தனர். மதுரையில் குழந்தைவேலு வந்தார். 2001-இலும் நேர்த்தேர்தல், சென்னையில் ஒரு கட்சி ஆள, மதுரை மக்கள் எதிர்க்கட்சியின் இராமச்சந்திரனை மேயராக்கினர். சென்னை மாநகரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2002-இல் ஒருவர் இரண்டு பொறுப்பு வகிக்கலாகாது என்று சட்டம் செய்து, அந்நாளைய சென்னை மேயர் மு.க. இசுடாலினை அப்பொறுப்பிலிருந்து இறக்கினர். 2006-இல் ஆட்சி மாறியது, மேயரை உறுப்பினர்களே தேர்வர் என்றாயிற்று, தேன்மொழி வந்தார். 2011-இல் ஆட்சி மாறியது; மீண்டும் நேர்த்தேர்தல்; இராசன் செல்லப்பா வந்தார். 2016-இல் மறைமுகம் என்றனர். பின்னர் நேர்முகம் என்றனர். 2019 நவம்பரில் இடைக்காலச் சட்டம் ஒன்றால் மறுபடியும் மறைமுகம் என்றனர். 2022 மார்ச்சு 4-இல் இந்திராணி அம்முறையால் வந்தார். 2025 அக்தோபரில் விலகினார். நேர்முகம் நன்றா, மறைமுகம் நன்றா என்பதற்கு இருபக்கமும் ஏது உண்டு. அதனை வேறொருகால் ஆராயலாம். யான் கேட்பது, இம்மாற்றங்களுள் ஒன்றையேனும் மதுரை மக்களைக் கேட்டுச் செய்தனரா என்பது. பந்தாட்டத்தின் நடுவே கோல்நடும் இடத்தை மாற்றிக் கொண்டேயிருந்தனர். இரு கட்சியும் செய்தன.

தேர்தலை நடத்தாமலே விடுவது இன்னொரு முறை. சென்னை மாநகராட்சி மன்றத்தை 1973-இல் கலைத்தனர், மறுதேர்தல் 1996-இல்! இருபத்து மூன்றாண்டு தலைநகருக்கு மக்கள் மன்றமில்லை. மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1974 ஏப்பிரலில் என்பதை இதனருகில் வைத்துப் பாருங்கள். 1986-க்குப் பின் ஊர்களுக்கும் நகரங்களுக்கும் அடுத்த தேர்தல் 1996-இல்தான். அதுவும் அரசமைப்புச் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கொரு முறை நடத்தியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்திய பின்னர். தில்லி கட்டாயப்படுத்தித்தான் தமிழ்நாட்டு ஊர்களுக்குத் தேர்தல் வந்தது என்பதைச் சொல்ல நா கூசுகிறது; ஆயினும் மெய் அதுவே. 2016 அக்தோபரில் நடக்கவிருந்த தேர்தலை, ஒதுக்கீட்டு நெறிகள் சரிவரப் பின்பற்றப் பெறவில்லை என்று உயர் அறமன்றம் நிறுத்தியது. அக்குறையைச் சில திங்களில் சரிசெய்திருக்கலாம். ஊர்ப்புறங்களுக்கு 2019 திசம்பர் வரையும், மாநகரங்களுக்கு 2022 பிப்பிரவரி 19 வரையும் இழுத்தடித்தனர். மதுரை சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப் பெற்றது அதே 2016-இல். பெரியார் பேருந்து நிலையம் இடிபட்டது. கோயிலைச் சூழ்ந்த தெருக்கள் தோண்டப் பெற்றன. வையைக் கரையில் சாலைகள் எழுந்தன. அத்துணையும், மதுரையில் மக்கள் தேர்ந்த ஓர் உறுப்பினர்கூட இல்லாத ஆண்டுகளில் வரையப் பெற்றுத் தொடங்கப் பெற்றவை. அதற்கெனப் பதிவு செய்த குழுமமே நடத்தியது. எங்கள் தெருவை ஏன் தோண்டினீர் என்று கேட்க ஓர் ஆளில்லை.

2022-இல் மன்றம் வந்தது. வந்து ஒரு திங்களாவதற்குள், வீட்டுவரியை 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தும் ஆணை சென்னையிலிருந்து வந்தது. ஏன் என்று கேட்டவர்க்கு, நடுவண் நிதிக்குழுவின் கட்டளை என்று விடை கிடைத்தது. தில்லி சென்னையைக் காட்ட, சென்னை தில்லியைக் காட்ட, மாநகராட்சி மன்றங்கள் கைதூக்கின. வரி கட்டியவன் வசைபாடியதோ தன் தெரு உறுப்பினரை!

ஊர்ப்புறத்து நிலையை யான் நேரிற் கண்டேன். பள்ளி ஆசிரியர்க்குத் தேர்தற்பணி விதிக்கப் பெறுவது அறிவீர்கள். 2019 திசம்பரில் மதுரைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் சாவடித் தலைமை அலுவலனாக இருந்தேன். ஊர்ப்புறத்தார் ஒவ்வொருவரும் நான்கு ஒப்போலை இடுதல் வேண்டும்: ஊராட்சி உறுப்பினர்க்கு வெள்ளை, தலைவர்க்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினர்க்குப் பச்சை, மாவட்ட உறுப்பினர்க்கு மஞ்சள். முதிய பெண்ணொருத்தி நான்கையும் விசிறிபோல் விரித்துப் பிடித்து, "இதுல எங்க தண்ணிக்கு எந்தச் சீட்டு சாமி?" என்று வினவினாள். சாவடியில் யான் விடை கூறலாகாது என்பது சட்டம். சாவடிக்கு வெளியே கேட்டிருந்தாலும் என்னால் கூறியிருக்க முடியாது. நீர்த்தொட்டி ஊராட்சியது; அதற்கு வரும் பெருங்குழாய் வாரியத்தினது; பழுது நீக்கப் பணம் மேலிருந்து வரவேண்டும்; தலைவரே முறை தவறினார் என்று கண்டால் அவரை நீக்கும் உரிமை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவால் மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது. மக்கள் தேர்ந்தவனை அரசு அமர்த்தியவன் நீக்குவது! மாநில அரசை நடுவணரசு கலைக்க வழிசெய்யும் 356-ஆம் பிரிவை எதிர்த்து நாம் எழுதிய துண்டறிக்கைகளை அடுக்கினால் ஆளுயரம் வரும். 205-ஆம் பிரிவை எதிர்த்து ஒரு துண்டறிக்கையேனும் அச்சிட்டோமா?

நம் அண்டையில் மலையாள நாட்டார் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்டப்பணத்தில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்துவிட்டனர். அவர்களிடமும் கட்சிச்சண்டை உண்டு, குறை உண்டு. ஆயினும் கொடுத்தனர். கடல்கடந்து ஈழத்தைப் பாருங்கள். வடமாகாண மன்றத்திற்கு 2013-இல் தேர்தல் நடந்தது. 2018 அக்தோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றிக் கொழும்பு அமர்த்திய ஆளுநரே அங்கு ஆண்டனர். அதனைச் சிங்களப் பேரினவாதம் என்று நாம் கண்டித்தோம், கண்டித்தது முறையே. அதே நோயை நம் வீட்டில் கண்டபோது அதற்கு ஒரு பெயரிடவும் நமக்கு நேரமில்லை.

இதுவரை கூறியதில் நம் அன்பர்கள் பலர் உடன்படுவர். சென்னையைக் குறைகூறுதல் எளிது. இனிக் கூறுவது எளிதன்று.

மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்நான்கு ஊராட்சிகளின் தலைமைப் பொறுப்பு 1996-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப் பெற்றது. அதன்பின் பத்தாண்டு அவ்வூர்களில் ஒடுக்கப்பட்டவர் ஒருவரும் அப்பொறுப்பில் நிலைக்க இயலவில்லை. வேட்பு மனு இடுவோரை அஞ்சவைத்தனர். இட்டு வென்றவரும் ஒப்பமிட்ட கையோடு விலகல் ஓலை கொடுத்தனர். 2006 அக்தோபரில்தான், அந்நாளைய மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரனின் இடைவிடா முயற்சியால் தேர்தல் நடந்து தலைவர்கள் அமர்ந்தனர். அவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா என்று விழாவும் எடுத்தனர். பத்தாண்டு அவ்வூர்களில் தேர்தலைத் தடுத்தது தில்லியா? ஆரியமா? இந்தி மொழியா? அருந்தமிழ் பேசும் தமிழர்தாம்! வந்தேறி எவனும் அவ்வூர்ச் சாவடியில் நின்று தடுக்கவில்லை.

மேலூருக்கு அப்பால் மேலவளவு. அதுவும் 1996-இல் ஒதுக்கப் பெற்ற ஊராட்சி. தடைப்பட்டுத் தடைப்பட்டு, அவ்வாண்டுத் திசம்பர் இறுதியில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30-இல் மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று ஊர் திரும்பும் வழியில் பேருந்தை மறித்து, அவரையும் உடனிருந்த ஐவரையும் வெட்டிக் கொன்றனர். முருகேசனின் தலையைத் துண்டித்தனர். அவர் செய்த குற்றம் தேர்தலில் நின்றது, வென்றது, தலைவர் இருக்கையில் அமர முனைந்தது. 2001-இல் சேலத்து அறமன்றம் 17 பேர்க்கு வாழ்நாள் சிறை விதித்தது. உச்ச அறமன்றம் வரை அது நிலைபெற்றது. ஆயினும் அண்ணா நூற்றாண்டின் பெயரால் 2008-இல் மூவரும், எம்.ஞ்சி.ஆர். நூற்றாண்டின் பெயரால் 2019-இல் பதின்மூவரும் காலத்திற்கு முன்னரே வெளிவந்தனர். விழாக்களுக்கு நாம் செலுத்தும் விலை இது!

1997-இல் யான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சிலவாண்டே ஆகியிருந்தன. அவ்வாண்டு ஆடித்திங்களில் மதுரையில் ஒரு தமிழ்மன்றக் கூட்டத்தில் 'பண்டைத் தமிழர் ஊராட்சி' என்னும் தலைப்பில் ஒருமணி நேரம் உரையாற்றினேன். குடவோலையின் தகுதிகளை மனப்பாடமாக ஒப்பித்தேன். அரங்கிலிருந்து அரைநாளில் சென்று திரும்பும் தொலைவில் ஆறு பிணங்கள் வீழ்ந்து ஐந்து கிழமைகூட ஆகவில்லை. மேலவளவு என்னும் ஊர்ப்பெயர் என் வாயில் வரவில்லை. அவையில் எவரும் அதைக் கேட்கவுமில்லை. சாதியைப் பேசினால் தமிழர் ஒற்றுமை குலையும் என்று அந்நாளில் நமக்குள் ஒரு சொல் வழங்கியது, இன்றும் வழங்குகிறது. ஒற்றுமை எங்கே இருந்தது, நாம் பேசிக் குலைப்பதற்கு? வெட்டியவனும் தமிழன், வெட்டுண்டவனும் தமிழன். வெட்டுண்டவனைத் தமிழன் என்று நாம் எண்ணியிருந்தால் அன்று நம் ஏடுகளின் முகப்பில் அவன் படம் வந்திருக்கும்.

அவை பழங்கதை என்பாரும் உளர். 2020-ஆம் ஆண்டு விடுதலை நாளில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சார்ந்த பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. அதே ஆண்டு, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் அத்தகைய பெண் தலைவர் ஒருவரைக் கூட்டத்தில் தரையில் அமரவைத்து ஏனையோர் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் வெளிவந்தது. தென்பாண்டிச் சீமையில் தலைமைப் பொறுப்பை ஊர்ப்பொதுவில் ஏலம் விட்டுக் கோயிலுக்குப் பணம் சேர்ப்பதை 2019 தேர்தலின்போதும் செய்தித்தாள்கள் எழுதின. ஏலத்தில் எடுக்கக் கால்வேலி போதாது.

மகளிர்க்கு இன்று பாதி இடம் ஒதுக்கப் பெறுகிறது. 2022-இல் 21 மாநகராட்சிகளில் 11-இல் பெண்டிரே மேயராயினர். பெருமைதான். ஆயின் ஊர்ப்புறத்தில் 'தலைவர்' என்று அழைக்கப் பெறுபவர் பெரும்பாலும் தலைவியின் கணவரே. தேர்தல் சுவரொட்டியில் வேட்பாளரின் படத்தினும் கணவர் படம் பெரிதாக இருக்கக் காண்கிறோம். உத்தரமேரூரிலிருந்து எதையேனும் கொள்வதானால் இங்கே கொள்ளலாம். கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி, அவன் தந்தை, மக்கள், உடன்பிறந்தார், மாமன், மருகன் என்று உறவினர் அனைவரையும் நீளப் பட்டியலிட்டு, அவர்தம் பெயரைக் குடத்தில் இடலாகாது என்று விலக்கினர். மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவனையும் விலக்கினர். வேதத் தகுதியைத் தூக்கியெறிந்துவிட்டு இக்கணக்கு நெறியை நாம் எடுத்துக் கொண்டால் பழி வராது. நாமோ தலைகீழாகச் செய்தோம்: குடத்தை எடுத்துக் கொண்டு கணக்கை விட்டோம்!

நம் இயக்கத்தாருள் மூத்தோர் சிலர், தேர்தல் என்பதே தில்லி விரித்த வலை. அதில் ஈடுபடுதல் அடிமைச் சீட்டில் கைச்சாத்திடுவதாகும் என்பர். சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் அவர்கள் கூறும் ஏது ஒருவாறு பொருந்தலாம். அதனை மறுக்க இங்கு நான் முனையவில்லை. ஆனால் தெருவிளக்கும் கழிவுநீரும் சுடுகாட்டு வழியும் எந்தப் பேரரசின் வலை? பாப்பாப்பட்டியில் ஒருவன் வேட்பு மனு இட்டது அடிமைச் சீட்டா, விடுதலைச் சீட்டா? நாம் விலகி நின்ற இடத்தில் யார் வந்து நின்றனர் என்று பார்க்க வேண்டாவா? ஏலமெடுத்தவர் நின்றார், சாதிச்சங்கத்தார் நின்றார், மணற்கொள்ளையர் நின்றார். தூய்மையாக நாம் ஒதுங்கியது அவர்க்கு வாய்ப்பாயிற்று.

ஆண்டுக்கு ஆறு நாள் ஊரவை கூடவேண்டும் என்பது இன்றைய நெறி: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் ஆண்டாலும் ஊரவை உண்டு. அங்கே ஊரார் எவரும் எழுந்து வரவு செலவு கேட்கலாம், தீர்மானம் முன்மொழியலாம். நம் கிளைகள் உள்ள ஊர்களில் அன்பர்கள் அந்நாள்களில் வேறெங்கும் போகாது அங்கே சென்று அமர்க. பெயர்ப்பலகையில் வடசொல்லும் ஆங்கிலமும் இருந்தால் அதையும் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன், ஒடுக்கப்பட்ட தெருவார் வந்தனரா, வந்தோர்க்கு நாற்காலி உண்டா, பெண் தலைவர் தம் வாயால் பேசுகிறாரா என்று பாருங்கள். இல்லையெனில் அதைத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். உள்ளாட்சித் தேர்தலைக் குறித்த நாளில் நடத்தாத அரசை, எக்கட்சியினதாயினும், தன்னாட்சி பேசத் தகுதியற்றது என்று நம் ஏடு எழுதவேண்டும். இதன் ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் அது.

சூன் 30-ஆம் நாள்தோறும் மேலவளவில் முருகேசனும் அவரோடு வீழ்ந்தோரும் துயிலும் இடத்தில் மக்கள் கூடுகின்றனர். ஒருமுறையும் யான் சென்றதில்லை. இம்முறை செல்கிறேன். உடன்வர விரும்பும் அன்பர்கள் காலையில் மேலூர்ப் பேருந்து நிலையத்திற்கு வந்துசேர்க. அங்கிருந்து ஊருக்குப் பேருந்து உண்டு.